பல்லாயிரவர் ஆடும் இணைய விளையாட்டுக்களும் தனித்தன்மைப் பிரச்சினையும் — ஒரு வரலாற்று நோக்கு

பல்லாயிரவர் ஒரே வேளையில் இணையவழி ஒன்றுகூடி ஆடும் விளையாட்டுக்கள் தம் தகுதிக்கு மிஞ்சிய புகழைப் பெற்றுவிட்டன என்பதும், அவற்றுள் ஒன்றைக் கண்டவர் யாவற்றையும் கண்டவரே என்பதும் நெடுநாளாகக் கூறப்பட்டுவரும் குற்றச்சாட்டுக்கள். இவற்றை ஆடாதவர் மட்டுமன்றி ஆண்டுக்கணக்கில் ஆடியவரும் ஆக்கியவருங்கூட இவ்வாறே கூறியுள்ளனர். வாளேந்திய வீரன், கோலேந்திய மந்திரவாதி, கொல்லப்படுவதற்கென்றே காட்டில் நிற்கும் விலங்கு, கொன்றதும் கிடைக்கும் பொன், பொன்னாற் பெறும் கூரிய வாள், அவ்வாளாற் கொல்லத்தக்க பெரிய விலங்கு என்னும் சுழற்சி ஒன்றிலேயே அவை யாவும் அடங்கிவிடுகின்றன என்பர். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அந்நிலை எவ்வாறு உண்டாயிற்று, எத்தகைய சூழல் அதனை உண்டாக்கிற்று என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. இவ்வகை விளையாட்டின் வரலாறு அரை நூற்றாண்டை அண்மித்துள்ளது. அதனை வரன்முறையாக நோக்காது தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது.

முதலில், ஏனைய கணினி விளையாட்டுக்களினின்றும் இவற்றை வேறுபடுத்துவது யாது என்பது தெளிவாதல் வேண்டும். தனியொருவர் ஆடும் விளையாட்டில் அவர் எழுந்து சென்றதும் அவ்வுலகம் நின்றுவிடும். பல்லாயிரவர் விளையாட்டிலோ ஒருவர் உறங்கும்போதும் ஏனையோர் அவ்வுலகில் நடமாடிக்கொண்டிருப்பர். சந்தையில் விலை ஏறும், கோட்டை கைமாறும், பகை மூளும். ஆடுவோர் ஒவ்வொருவரும் தமக்கெனப் பெயரும் உருவும் உடைய ஒரு பாத்திரத்தின் வாயிலாகவே அங்கு வாழ்வர். இந்நிலைபேறுதான் இவ்வகையின் உயிர்நாடி.

தனித்தன்மை பற்றிய விவாதத்துக்குத் தமிழிலக்கண மரபு ஒரு நல்ல அளவுகோலைத் தருகின்றது. நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என நன்னூலார் பாகுபடுத்துவர். முன்னோர் நூலின் முடிபினை ஏற்று, வேண்டிய வேறுபாட்டையும் உட்கொண்டு வருவது வழிநூல். வழிநூல் என்பது அம்மரபில் வசையன்று. கம்பன் காவியம் வழிநூலாயிருப்பதனால் அதன் பெருமை குன்றிற்றென்று எவரும் கூறார். ஆகவே ஒரு விளையாட்டு முன்னையதொன்றைப் பின்பற்றிற்று என்று காட்டிய அளவில் வழக்கு முடிந்துவிடாது. பின்பற்றியது எதனை, புகுத்திய வேறுபாடு யாது, வேறுபாட்டுக்கு இடம் இருந்ததா என்பனவே வினாக்கள்.

வேரிலிருந்து நோக்கின், ரொல்கீன் 1954இலும் 1955இலும் வெளியிட்ட ‘லோர்ட் ஒஃப் த றிங்ஸ்’ என்னும் நெடுங்கதையும் அதையொத்த வேறு பல கற்பனைக் கதைகளும் அமெரிக்க இளைஞரிடையே பரவியிருந்த சூழலில், 1974ஆம் ஆண்டு கரி கைகக்ஸ், டேவ் ஆர்ண்சன் ஆகிய இருவர் ‘டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டை வெளியிட்டனர். அதன் முதற் பதிப்புக்களிற் ரொல்கீனுடைய குறுமனிதர் அவர் இட்ட பெயராலேயே வந்தனர். உரிமையாளர் ஆட்சேபித்த பின்னரே பெயர் மாற்றப்பட்டது. கடன் வாங்கல் என்பது இவ்வகையின் பிறப்போடு கூடவே வந்தது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. வீரனின் ஆற்றலை எண்களாற் குறித்தல், அனுபவம் பெறுந்தோறும் படிநிலை உயர்தல் ஆகிய இரண்டும் இவ்விளையாட்டின் வழியே கணினிக்குச் சென்றன. சற்றுப் பிந்தி, குகைகளை ஆராய்வதில் ஈடுபாடுடைய நிரலாளரான வில் குறோதர், கெண்டக்கி மாநிலத்து மாமத் குகையை அடிப்படையாகக் கொண்டு, சொற்களை மட்டுமே கொண்ட ஒரு கணினி விளையாட்டைத் தம் புதல்வியருக்காக எழுதினார். டொன் வூட்ஸ் 1977இல் அதனை விரித்தெழுதினார்.

இவ்விரு நீரோடைகளும் கலந்த இடம் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகம். 1978ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் அங்கு மாணவராயிருந்த றோய் ட்ரப்ஷோ, பலர் ஒருங்கே நுழையத்தக்க சொல்லுலகம் ஒன்றை எழுதத் தொடங்கினார். ‘மட்’ எனப்படுவது அதுவே. 1980இல் அவர் பல்கலைக்கழகத்தை விட்டுச் சென்றபோது, உடன் பயின்ற றிச்சர்ட் பார்ட்டில் அப்பணியைப் பொறுப்பேற்றார். படம் இல்லை, ஒலி இல்லை. திரையில் வரும் வாக்கியங்களைப் படித்து, வாக்கியங்களாலேயே விடையளித்தல் வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெருங்கணினி பகலில் ஆய்வுப் பணிக்கு உரியதாகையால், வெளியார் தொலைபேசி வழியாக நள்ளிரவுக்குப் பின்னரே அனுமதிக்கப்பட்டனர். இதற்குச் சற்று முன்பின்னாக அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில், கல்விக்கென அமைக்கப்பட்ட ‘பிளேட்டோ’ வலையமைப்பிலும் மாணவர் பலர் ஒருங்கே ஆடத்தக்க குகை விளையாட்டுக்களை எழுதினர். எது முதலாவது என்னும் வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. பின்வந்தவை பெரும்பாலும் எசெக்ஸ் கிளையில் முளைத்தமையால் அதனை முதனூலாகக் கொள்வதில் தவறில்லை.

பார்ட்டில் எளிய குடும்பத்திலிருந்து வந்தவர். பிறப்பும் உச்சரிப்பும் ஒருவனது வாய்ப்பை வரையறுத்த ஆங்கிலச் சமூகத்துக்கு மறுப்பாக, ஒவ்வொருவரும் ஒரே நிலையிற் தொடங்கித் தம் முயற்சியால் மட்டுமே உயரத்தக்க உலகொன்றை ஆக்க விரும்பியதாக அவர் பிற்காலத்தில் விளக்கியுள்ளார். இது ஆழ்ந்து நோக்கத்தக்கது. இன்று சலிப்பூட்டும் இயந்திரச் சுழற்சியாகப் பழிக்கப்படும் படிநிலை முறை, தொடக்கத்தில் வர்க்க வேற்றுமைக்கு எதிரான ஒரு கூற்றாயிருந்தது. பின்வந்தோர் அதன் உருவத்தைப் பெயர்த்தெழுதினர். எழுந்த காரணத்தை அறிந்தவர் அவருட் சிலரே.

எசெக்ஸ் உலகின் வழித்தோன்றல்கள் 1980களின் பிற்பகுதியில் இரு கிளைகளாகப் பிரிந்தன. ஒரு கிளை போரையும் படிநிலையையும் அறவே நீக்கி, நுழைந்தவர் தாமே அறைகளையும் பொருள்களையும் ஆக்கி உரையாடும் இடமாக வளர்ந்தது. 1989இல் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில் எழுந்த ‘டைனிமட்’, 1990இல் செரொக்ஸ் நிறுவன ஆய்வுகூடத்திற் பவல் கேர்ட்டிஸ் தொடக்கிய ‘லம்டாமூ’ என்பன இக்கிளையின. மற்றைக் கிளை போரையே மேலும் செப்பமாக்கிற்று. அதன் உச்சம், டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினித் துறை மாணவர் ஐவர் 1991இல் வெளியிட்ட ‘டிக்குமட்’. நிரலறிவு மிகுதியும் இல்லாதவரும் அதனைத் தம் கணினியில் நிறுவி ஓர் உலகத்தை நடத்தலாம். இலாபம் ஈட்டலாகாது என்பதே முக்கிய நிபந்தனை. விளைவாக நூற்றுக்கணக்கான உலகங்கள் தோன்றின. அவற்றுட் பலவற்றில் அதே மிட்கார்ட் நகரம், அதே கடைவீதி, அதே காவலர். தனித்தன்மை இல்லை என்ற குற்றச்சாட்டு முதன்முதலில் உரத்துக் கேட்டது இங்குதான். வணிகம் இதிற் புகுமுன்னரே, எளிதிற் கிடைத்த கருவியின் வசதியாலும் நகலெடுத்தல் நிகழ்ந்துவிட்டது என்பதை மறத்தலாகாது.

வணிகம் புகுந்தபோது எந்தக் கிளையைத் தேர்ந்தது என்பது அடுத்த கட்டம். 1996இல் வெளியான ‘மெரிடியன் 59’, 1997 செப்டெம்பரில் வெளியான ‘அல்ட்டிமா ஒன்லைன்’ ஆகியவை மணித்தியாலக் கட்டணத்தை விட்டு மாதச் சந்தா முறையைக் கைக்கொண்டன. 1999 மார்ச்சில் வெளியான ‘எவர்குவெஸ்ட்’ முப்பரிமாண உருவங்களோடு வந்து இலட்சக்கணக்கானோரை ஈர்த்தது. உருவங்களை நீக்கிப் பார்ப்பின் எஞ்சுவது டிக்குமட்டின் எலும்புக்கூடே. ஒற்றுமை எவ்வளவுக்கு இருந்ததெனில், டிக்குமட்டின் மூலநிரலைத் தாம் பயன்படுத்தவில்லை என 2000ஆம் ஆண்டில் எவர்குவெஸ்ட் நிரலாளர் சத்தியக்கூற்று அளிக்க நேர்ந்தது. நிரல் களவாடப்படவில்லை, அமைப்பு அப்படியே வந்தது. அடியைத் தாங்குபவன் ஒருவன், காயத்தை ஆற்றுபவன் ஒருவன், தாக்குபவர் ஏனையோர் என்னும் மூவகைப் பகுப்பை அது நிலைநிறுத்த, பின்வந்தவை அதனை வேதமாகவே கொண்டன.

2004 நவம்பரிற் பிளிஸார்ட் நிறுவனம் வெளியிட்ட ‘வேர்ள்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ இவ்வரிசையின் நிறைவு எனலாம். எவர்குவெஸ்டை நன்கு ஆடித் தேர்ந்தவர்கள் அதனை ஆக்கினர். அதிலிருந்த துன்பங்களைக் களைந்தனர். தனியே ஆடுவோருக்கும் இடையறாது பணிகள் கிடைத்தன. இறந்தவன் எளிதில் மீண்டான். வழி தெரியாது அலைபவன் இல்லை. 2010ஆம் ஆண்டில் அதன் சந்தாதாரர் 1 கோடியே 20 இலட்சத்தை எட்டினர். தெளிந்த கைவேலை அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் வெற்றியே ஏனையோருக்குத் தளையாயிற்று. 2008இல் ‘வோர்ஹாமர் ஒன்லைன்’, 2011இல் ‘றிஃப்ட்’, அதே ஆண்டு டிசெம்பரில் ‘த ஓல்ட் றிப்பப்ளிக்’, 2014இல் ‘வைல்ட்ஸ்டார்’ என அடுத்தடுத்து வந்தவை பெருமளவுக்கு அதே தடத்திலேயே நடந்தன. இவற்றுள் முதலாவது 2013இலும் இறுதியாகக் கூறப்பட்டது 2018இலும் மூடப்பட்டன.

இந்நிலைக்கு ஆக்கியோரின் கற்பனை வறுமையைக் காரணமாகக் கூறுதல் எளிது. ஆனால் அது போதிய விளக்கமாகாது. ‘த ஓல்ட் றிப்பப்ளிக்’ விளையாட்டுக்கான செலவு 20 கோடி டொலரை அண்மித்ததெனப் பத்திரிகைகள் எழுதின. அத்தகைய முதலீட்டை இடுபவன் முன்னர் விலைபோன பண்டத்தையே நாடுவான். அன்றியும், மாதச் சந்தா என்பது ஒருவனை மாதந்தோறும் மீள வரச்செய்ய வேண்டிய நிர்ப்பந்தத்தை உடன்கொணர்கின்றது. கதைக்கு முடிவு உண்டு. முடிந்தால் அவன் போய்விடுவான். படிநிலைக்கு முடிவில்லை, அடுத்த வாளுக்கு அடுத்த வாள் எப்போதும் உண்டு. பார்ட்டில் 1996இல் எழுதிய பெயர்பெற்ற கட்டுரையில் ஆடுவோரைச் சாதனை தேடுவோர், ஆராய்வோர், பழகுவோர், பிறரைத் தாக்குவோர் என நால்வகைப்படுத்தினார். சந்தா முறைக்கு ஏற்ற வாடிக்கையாளன் இந்நால்வருள் முதலாமவனே. ஏனைய மூவருக்குமான இடம் படிப்படியாகச் சுருங்கிற்று என்பதே இவ்வணிகத்தின் வரலாற்றுச் சாரம்.

இதுவரை கூறியவை குற்றச்சாட்டுக்குச் சார்பான சான்றுகளே. இனி, அக்குற்றச்சாட்டு எட்டாத ஒரு பகுதியும் உண்டு. ஒரு நூலின் தனித்தன்மையை அதன் ஆசிரியனிடம் தேடுவது வழக்கம். பல்லாயிரவர் விளையாட்டில் ஆக்கியோன் அளிப்பது களம் மாத்திரமே. அக்களத்தில் நிகழ்ந்தவற்றை எழுதிய கைகள் வேறு.

1986ஆம் ஆண்டளவில் லூக்காஸ்ஃபில்ம் நிறுவனத்தின் சிப் மோர்ணிங்ஸ்டார், றண்டி ஃபாமர் ஆகியோர் கொமடோர் 64 என்னும் சிறு கணினிக்கென ‘ஹபிடாட்’ என்ற உலகத்தைப் பரீட்சார்த்தமாக நடத்தினர். முன்கூட்டியே நிகழ்ச்சிகளைத் திட்டமிட்டு வழிநடத்தலாம் என எண்ணிய அவர்கள் விரைவில் அம்முயற்சியைக் கைவிட்டனர். ஆடுவோர் திட்டத்திற் கட்டுண்ணவில்லை. கொலையும் களவும் மலிந்தபோது, நிஜவாழ்விற் கிரேக்க வைதிக சபைக் குருவாயிருந்த ஒருவர் அவ்வுலகின் முதற் தேவாலயத்தை நிறுவினார். ‘புனித வாதுமையின் சபை’ என அதற்கு வேடிக்கையாகப் பெயர். ஆயுதம் ஏந்துவதில்லை, திருடுவதில்லை என அதன் அங்கத்தவர் உறுதிபூண்டனர். ஆயுதங்களை ஒழிப்பதா, நகர்ப்புறத்தில் மட்டும் தடுப்பதா என வாதங்கள் மூண்டன. ஒரு நகரக் காவலரைத் தேர்தல் வைத்துத் தெரிவு செய்தனர். இவற்றுள் ஒன்றேனும் நிரலில் எழுதப்பட்டிருந்ததன்று.

அல்ட்டிமா ஒன்லைனிலும் இவ்வாறே. முயலை ஓநாய் தின்னும், இரை குறையின் ஓநாய் ஊரை நெருங்கும் என்றவாறு இயங்கும் உயிர்ச்சூழலை அதன் ஆக்குநர் அமைத்திருந்தனர். ஆடுவோர் புகுந்ததும் கண்ணிற் பட்ட உயிர்கள் யாவற்றையும் கொன்று தீர்க்க, அவ்வமைப்பையே நீக்க வேண்டியதாயிற்று. 1997 ஓகஸ்டில், பரீட்சார்த்த ஓட்டத்தின்போது, அவ்வுலகின் அரசனாகத் தோன்றிய றிச்சர்ட் கரியொட் தம் பாத்திரத்துக்குச் சாகாவரத்தை மீள இட மறந்திருந்தார். கூட்டத்தில் நின்ற ஒருவன் எறிந்த நெருப்பில் அரசன் மாண்டான். தன்னிச்சையாக இயங்க விடப்பட்ட உலகில் அரசனும் விதிவிலக்கல்லன் என்பதை விளக்க நூல் எழுத வேண்டியதில்லை. அங்கு ஒருவரையொருவர் கொல்லுதல் அளவுமீறவே, 2000ஆம் ஆண்டில் உலகத்தை இரண்டாகப் பிரித்து ஒன்றிற் கொலையைத் தடுத்தனர். அமைதி வந்தது. கொள்ளையரை எதிர்க்கத் தாமே காவற்படை திரட்டிய பழைய ஊர்களின் உயிர்ப்பு அதன்பின் தளர்ந்தது என்று அக்காலத்தவர் கூறுவர். கொள்ளையிடப்பட்ட புதியவர் அவ்வாறு கூறார்.

இவ்வகைச் சான்றுகளுள் மிக விரிவாக நோக்கத்தக்கது தென்கொரியாவில் நிகழ்ந்தது. அங்கு 1997ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியைத் தொடர்ந்த காலத்தில், மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடப்பட்ட ‘பிசி பாங்’ என்னும் கணினி நிலையங்கள் தெருத்தோறும் பெருகின. 1998இல் என்சிசொஃப்ட் வெளியிட்ட ‘லினியேஜ்’ அவற்றிற் பெருவழக்குப் பெற்றது. கோட்டை முற்றுகை அதன் மையம். 2003இல் வந்த ‘லினியேஜ் 2’ வடிவமைப்பு நோக்கில் பெரிதும் வழிநூலே: வாள், மந்திரம், படிநிலை, முடிவற்ற வேட்டை. புதுமை தேடுபவர் பொதுவாக எள்ளி நகையாடும் விளையாட்டுக்களுள் அதுவும் ஒன்று.

அதன் சேவையகங்களுள் ஒன்றுக்கு ‘பார்ட்ஸ்’ என்று பெயர். அங்கு ‘டிராகன் நைட்ஸ்’ என்ற குழு கோட்டைகளைக் கைப்பற்றி வரியை உயர்த்திற்று. வளமான வேட்டை நிலங்களை மறித்து, உட்புகுந்தவரைக் கொன்றது. 2004இல் எதிர்க்குழுக்கள் சில கூட்டணி அமைத்துப் போர் தொடுத்தன. அப்போதுதான் எவரும் எதிர்பாராதது நிகழ்ந்தது. படிநிலையில் மிகத் தாழ்ந்தவர்களும், வேறு சேவையகங்களில் ஆடியவர்களுங்கூட, பார்ட்ஸில் புதிய பாத்திரங்களை ஆக்கிக்கொண்டு திரண்டனர். வாங்கிய கவசம் இல்லை. தொடக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும் உள்ளாடையே உடை. ‘உள்ளாடைப் படை’ என்பதே அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். ஓர் உயர்நிலை வீரன் ஒரே வீச்சில் அவர்களிற் பலரைக் கொல்வான். கொல்லப்பட்டவர் மீண்டெழுந்து ஓடிவருவர். பத்துப் பேர், இருபது பேர் எனச் சூழ்ந்து அவனை வீழ்த்துவர். 2004இன் நடுப்பகுதியிற் தலைமைக் கோட்டை வீழ்ந்தது. ஆனால் வென்றபின் கூட்டணியினர் கோட்டைகளைப் பங்கிடுவதிற் பிணங்கினர். விரட்டப்பட்ட குழு மீண்டும் தலையெடுத்தது. பூசல் சில ஆண்டுகள் நீடித்தது. வெற்றியைக் காட்டிலும் இப்பிளவே இந்நிகழ்ச்சியை வரலாறாக்குகின்றது. நிறுவனம் எழுதிய கதையாயிருப்பின் வெற்றியோடு முடிந்திருக்கும். கொரியாவில் இதனைப் ‘பார்ட்ஸ் விடுதலைப் போர்’ என்பர். அங்குள்ள இலக்கியப் பேராசிரியர் ஒருவர் அதனை ஆராய்ந்து 2005இலேயே நூலொன்று வெளியிட்டார்.

வடிவமைப்பில் தனித்தன்மை அற்றது எனத்தக்க ஒரு விளையாட்டில் இத்துணைத் தனித்தன்மை வாய்ந்த நிகழ்ச்சி எவ்வாறு தோன்றிற்று? கோட்டையையும் வரியையும் நிறுவனம் ஆடுவோர் கையிலேயே விட்டிருந்தது என்பதே விடை. தீமை செய்யும் அதிகாரம் உண்மையாயிருந்தமையால் அதனை எதிர்ப்பதும் உண்மையாயிற்று. ஐஸ்லாந்தில் ஆக்கப்பட்டு 2003இல் வெளியான ‘ஈவ் ஒன்லைன்’ இவ்விடைவெளியை ஒரு கொள்கையாகவே கொண்டது. அதில் ஏறத்தாழ எல்லாக் கலங்களையும் ஆடுவோரே கட்டுவர், விற்பர், அழிப்பர். 2008 முதல் ஆடுவோர் வாக்களித்துத் தெரியும் ஆலோசனைச் சபையும் உண்டு. 2014 ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் பங்குகொண்ட ஒரே போரில் 75 பேருருக் கலங்கள் அழிந்தன. வோர்கிராஃப்டில் இத்தகைய இடைவெளி அருமை. ஆயினும் 2005 செப்டெம்பரில், ஒரு குகைக்குள் மட்டும் பரவ வேண்டிய மந்திர நோய் நிரற் குறையால் வெளியேறி நகரங்களைப் பாழாக்கியபோது, ஓடியவர், ஆற்ற முயன்றவர், வேண்டுமென்றே பரப்பியவர் என மனித இயல்பு பல்வகையாகப் புலப்பட்டது. தொற்றுநோயியலார் 2007இல் மருத்துவ ஆய்வேடொன்றில் அதனை ஆராய்ந்தனர். அவ்விளையாட்டின் மறக்கவியலா நிகழ்ச்சிகளுள் ஒன்று ஒரு பிழையால் விளைந்தது என்பது ஆக்கியோருக்குப் பெருமையா சிறுமையா என்பதை ஆடியவரே கூறுக.

தகுதிக்கு மிஞ்சிய புகழ் என்ற கூற்றுக்கு ஆய்வாளரும் ஓரளவு பொறுப்பாளிகள். எட்வேர்ட் கஸ்ற்றனோவா 2001இல் எழுதிய கட்டுரையில், எவர்குவெஸ்டின் கற்பனை நாட்டுக்குத் தலாவீத வருமானம் கணித்து, அதனை உருசியாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடையில் வைத்தார். கணிப்பு நுண்மையானதே. ஆனால் அதனைத் தொடர்ந்து எழுந்த ஆரவாரம் அளவிறந்தது. 2007இல் மாலைதீவும் சுவீடனும் ‘செக்கண்ட் லைஃப்’ உலகிற் தூதரகங்கள் திறந்தன. மனிதகுலம் கற்பனை உலகங்களுக்குக் குடிபெயரும் என்ற கருத்தில் நூல்கள் வந்தன. அக்குடிபெயர்வு நிகழவில்லை. நிகழ்ந்த ஒன்று வேறு: சீனத்தில் இளந்தொழிலாளர் அறைகளில் அமர்ந்து, செல்வந்த நாடுகளில் ஆடுவோருக்கு விற்பதற்காக இரவுபகலாகக் கற்பனைப் பொன் சேர்த்தனர், பின்னாளில், நாணயம் பெறுமதியிழந்த வெனிசுவேலாவிற் பலர் ‘றூன்ஸ்கேப்’ விளையாட்டிற் பொன் சேர்த்து உணவுக்கு வழி தேடினர். பிறப்பு வேற்றுமை நுழையாத உலகம் என்ற எசெக்ஸ் கனவுக்கு இதனைவிடக் கசப்பான மறுதலை காண்டலரிது.

ஆடுவோர் ஆக்கியது யாருக்கு உரியது என்பது இறுதி வினா. 2003இல் வெளியான ‘ஸ்டார் வோர்ஸ் கலக்ஸீஸ்’, அல்ட்டிமாவின் முதன்மை வடிவமைப்பாளரான றஃப் கொஸ்டரின் தலைமையில் உருவாயிற்று. அதிற் போர்வீரன் முப்பதுக்கு மேற்பட்ட தொழிலினருள் ஒருவன் மட்டுமே. தையற்காரர், கட்டடக் கலைஞர், விடுதியில் இசைத்து வீரரின் களைப்பை நீக்கும் பாணர், ஆடலர் என ஏனையோரும் இருந்தனர். நகரங்களை ஆடுவோரே கட்டி, நகரபிதாவையும் தெரிந்தனர். குறைகள் மலிந்த விளையாட்டு அது; சந்தாதாரர் எதிர்பார்த்த அளவுக்குச் சேரவில்லை. வோர்கிராஃப்டின் வெற்றியைக் கண்ட நிறுவனம் 2005 நவம்பரில் ஒரே மாற்றத்தில் அத்தொழில்களை அழித்து ஒன்பதாகச் சுருக்கிற்று. ஆண்டுக்கணக்கில் ஒரு கைத்தொழிலைப் பயின்று பெயரெடுத்தவர், தம் தொழில் உலகிலேயே இல்லை எனக் கண்டனர். திரளாக வெளியேறினர், நகரங்கள் வெறிச்சோடின. 2011 டிசெம்பர் 15ஆம் திகதி எஞ்சியதும் அணைக்கப்பட்டது. தனித்தன்மை அங்கு இல்லாமற் போகவில்லை. இருந்தது, இலாபக் கணக்கிற் களையப்பட்டது.

அண்மைக் காலத்தில் நிறுவனங்களே பழையதை நாடத் தொடங்கியுள்ளன. ‘றூன்ஸ்கேப்’ நிறுவனம் 2013இல், ஆடுவோரின் வாக்கெடுப்பின்பின், 2007ஆம் ஆண்டின் சேமிப்புப் பிரதியிலிருந்து தன் பழைய உலகை மீளத் திறந்தது. வோர்கிராஃப்டின் தொடக்க வடிவத்தை அனுமதியின்றி நடத்திய ‘நொஸ்டல்றியஸ்’ 2016இல் நிறுவனத்தின் சட்ட எச்சரிக்கையால் மூடப்பட்டபோது இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மனுவிற் கையொப்பமிட்டனர். 2019இல் பிளிஸார்ட் தானே அப்பழைய வடிவை வெளியிட்டது. திரும்பியவர் பலர். ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தட்டித்தடவி வழி கண்டவர்கள் இம்முறை ஒவ்வொரு பணியின் விடையையும் அறிந்தே வந்தனர்.

ஹபிடாட்டின் மூலநிரல் அமெரிக்காவின் ஓக்லண்ட் நகர அருங்காட்சியகம் ஒன்றின் முயற்சியால் 2016இற் பொதுவெளிக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஆர்வலர் அதனை மீண்டும் இயங்கச் செய்தனர். தெருக்களும் வீடுகளும் மரங்களும் பழைய இடங்களிலேயே உள்ளன. நிரலில் ஒருபோதும் எழுதப்படாத புனித வாதுமையின் சபையும், ஆயுதம் பற்றிய வாதங்களும், ஆக்குநர் இருவரும் தம் அனுபவத்தைப் பதிவுசெய்த கட்டுரையிற் சில பந்திகளாக மட்டுமே எஞ்சியுள்ளன.